ஆனைக்குட்டம் ரோட்டில் ஒரு டெமோ

எங்க வீட்டுக்காரர் பால்பாண்டி சிவகாசியில ஒரு பிரஸ்ல கட்டிங் மிஷின் ஓட்டுறவரு. குடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது. கிறுக்கு மட்டும் உண்டு. பின்லாந்துன்னு ஒரு நாடாம், பனி கொட்டுற ஊராம். அங்கன நாலு பயலுக, பேரெடுக்குறதுக்கு முன்னாடி, கதவைச் சாத்திக்கிட்டு ஒரே மூச்சுல டேப்புல பாடிப் பதிஞ்ச மாதிரிப் பாட்டாம், டெமோன்னு பேராம். அதை மொபைல்ல போட்டுக் கண்ணை மூடிக் கேப்பாரு. "வெறிநாய் கத்துற மாதிரில்ல இருக்கு"ன்னு சொந்தக்காரவுக முன்னால ஒருநாள் சிரிச்சுட்டேன். அன்னையிலிருந்து என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்க மாட்டாரு.

நான் பட்டாசு ஆபீஸ்ல, அதான் ஃபேக்டரியில, வேலை பாக்குறவ. எங்க அக்கா மூக்கம்மாள், லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட்டுக்கு வெடிமருந்து அடைக்கப் போயி, தீப்பிடிச்சுக் கருகிப்போனா. கருமாதி முடிஞ்ச கையோட இவர்கிட்டச் சத்தியம் வாங்குனேன், எம்புட்டுக் கஷ்டம் வந்தாலும் அந்த மாதிரி இடத்துல மருந்தைத் தொடக்கூடாதுன்னு.

போன தீபாவளி சீசன்ல இந்த மனுசன் போக்கே மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமையானா ஆளைக் காணோம். பிரஸ்ல கழிச்ச பேப்பர் கட்டுகளை வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாரு. திரும்பி வர்றப்ப வேர்த்து ஊத்தியிருக்கும், கூப்பிட்டா காது கேக்காது. வெடி போட்டுப் பாக்குற ஆளுகளுக்குத்தான் அப்படிக் காது அடைக்கும். கேட்டா, "ஒரு ஃபிரெண்டைப் பாக்கப் போனேன்"ம்பாரு. வெடி சுத்தத்தான் அந்தப் பேப்பர் போகுதுன்னு நினைச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஷேர் ஆட்டோ பிடிச்சுப் பின்னாலேயே போனேன். ஆனைக்குட்டம் ரோட்டுல, ஓடாமக் கிடக்கிற பழைய தீப்பெட்டி ஆபீஸ். வாசல்ல இவர் வண்டி. ஜன்னலையெல்லாம் பேப்பர் கட்டை வச்சு அடைச்சிருக்கு. உள்ள தடதடதடன்னு சத்தம். புஸ்வாணக் குழாயில மருந்தைப் போட்டு இடிக்கிற அதே சத்தம். இம்புட்டு வேகமா எந்தப் பாவி இடிப்பான்?

செருப்பைக் கழட்டிப் போட்டேன். இரும்புக் கதவு, ஓங்கித் தட்டினா ஒரு பொறி போதும். போன் அடிக்கவும் பயம். கத்துனா திடுக்கிட்டுக் கை தவறிருமோன்னு அதுவும் பயம். சேலையை வாயில கவ்விக்கிட்டு நின்னேன். மணிமருந்துன்னு ஒரு வெடிமருந்து, அதுல தண்ணி பட்டா வினை, மணல்தான் போடணும். பக்கத்துல யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை மடி நிறைய அள்ளுனேன்.

அப்பத்தான் உள்ள அந்த அலறல். என் புருசன் குரல். அக்கா அலறுனதை நான் கேட்டதில்லை. இப்படித்தான் அலறியிருப்பான்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் பயமாவது மண்ணாவது! பின்பக்கம் சும்மா சாத்தியிருந்த கதவைத் தோளால தள்ளி உள்ள பாஞ்சு, மடியை ஓங்கி உதறுனேன்.

டிரம்ஸு மேல மணல். கம்ப்யூட்டர் மேல மணல். கிதாரோட நின்ன எங்க தெருப் பையன் ஹரிஷ்குமார் தலையெல்லாம் மணல். இவர்கூட பிரஸ்ல வேலை பாக்குற அழகுராஜா, டிரம்ஸ் குச்சியைத் தூக்கிப் பிடிச்சபடி முழிக்கிறான். நடுவுல மைக்கும் கையுமா என் வீட்டுக்காரர், மேலுல ஒரு கீறல் இல்லாம. கிதார் சத்தமெல்லாம் அவுக ஹெட்போனுக்குள்ளேயே அடங்கிருச்சு; வெளிய கேட்டது டிரம்ஸும் இவர் தொண்டையும்தான்.

"டெமோ முடியப் போச்சுக்கா, ஒரே மூச்சுல பாடிட்டு வந்தாரு"ன்னு அழகுராஜா அழாத குறையாச் சொன்னான்.

"வாயை மூடுலே!"ன்னேன். அந்த மணல்லயே உக்காந்து ஓன்னு அழுதேன்.

இவருக்கு முகம் செத்துப்போச்சு. "மருந்து அடைக்கிறேன்னா நினைச்ச? சத்தியம் பண்ணிக் குடுத்தேன்ல செல்வி. என்னைய நம்பலையா?"

"அக்காவும் எங்கம்மா தலையில அடிச்சு, போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தாங்க போனா."

அவர் போயி முன்கதவுத் தாழை நீக்கி, ரெண்டு கதவையும் விரியத் திறந்தாரு. ஜன்னல்ல அடைச்சிருந்த கட்டுகளை ஒவ்வொண்ணா இழுத்துக் கீழ போட்டாரு.

"அண்ணே, பஸ் சத்தம், ஆட்டுச் சத்தம் பூராம் பதிஞ்சிருமே"ன்னான் ஹரிஷ்குமார்.

"பதியட்டும். ரோட்டுல நின்னு பாத்தாலும் அவளுக்கு நான் தெரியணும். முதல்லருந்து அடிங்கலே."