வெள்ளைச் சர்க்கரையும் கடலைப் பிண்ணாக்கும்

என் கணவர் கணக்கு ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு, தோல் பதனிடுகிறவர்களுக்கு லாக்டிக் அமிலம் தயாரிக்கப்போவதாகச் சொன்னார். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவே அதையும் செய்துவிடுமாம். அந்தப் புண்ணியத்தில்தான் மயிலாப்பூர்க் கூட்டுக் குடும்பத்தை விட்டு மாம்பலத்தில் தனி வீடு பார்த்தோம். பாதி மனைகளில் இன்னும் தவளைகள்தான் குடியிருந்தன. எனக்கு அது வைகுண்டம். தீபாவளிக்குள் அமிலம் வராவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

இவர் விடியற்காலையில் குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொண்டு, வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி, ஜாடிகளில் ஊற்றி உறை குத்துவார். சுத்தமான ஆகாரம் போட்டால் சுத்தமான அமிலம் வரும் என்பது அவர் சித்தாந்தம். ஜாடிகளில் கடைசிவரை சர்க்கரைத் தண்ணீர்தான் இருந்தது. பாக்டீரியா ஏகாதசி விரதம் இருந்தன போலும். தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் சர்க்கரைத் தண்ணியக் குடிச்சுண்டு நீங்க எத்தனை நாள் இருப்பேள்?" என்று கேட்டேவிட்டேன். மறுநாள் தாமே கண்டுபிடித்தவர்போல, "சர்க்கரை மட்டும் போறாது, அதுக்கு நைட்ரஜன் வேணும்" என்றார்.

அப்புறம் ஜாடிக்கு ஒரு சமையல். ஒன்றில் பால், ஒன்றில் பயறு வெந்த தண்ணீர். இரண்டும் சுமார்தான். கடைசியில் கறுத்த வெல்லத்தோடு தவிடும், கொல்லையில் கட்டியிருந்த மாட்டுக்கு வாங்கிய கடலைப் பிண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுத்தேன். அந்த ஜாடி ஊரைக் கூட்டும்படி நாறியது. அமிலம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சுண்ணாம்புக்கல் தூள் போட்டதும் நுரைத்துக்கொண்டு மூடியைத் தள்ளியது. வீடு தப்பியது என்று நான் கும்பிட்டேன்.

பெரியமேட்டுத் தோல் வியாபாரி, ஒரு சாயபு, சரக்கைப் பார்க்க வந்தார். "நல்லா கீது சாமி. இந்த ஜாடிய வச்சிக்கினு இன்னா பண்றது? பல்லாவரத்துல நம்ம கொட்டாய் காலியா கீது, அங்க வந்து போடுங்க" என்றார்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. ராத்தங்கலும் அங்கேயே என்று முடிவாயிற்று. "நீ தனியா இங்க எதுக்கு? அம்மாவோட இரு" என்றார். நான் அழுததை யாரும் சட்டை செய்யவில்லை.

ஜாடிகள் பல்லாவரம் போன அன்றே நான் மயிலாப்பூர் போனேன். அந்த பாக்டீரியா பட்டினி கிடந்தவரைக்கும்தான் எனக்கென்று ஒரு வீடு இருந்தது.