மெசியோ வளர்த்த பதினோரு மிருகங்கள்

நெமெசியோ பங்கன், ஊருக்கு மெசியோ, எனக்கு அறுபதாயிரம் பெசோ கடன்பட்டிருந்தான். என் கையிலிருந்து போனது ஐம்பதாயிரம்தான். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் கபனாதுவான் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு மாதத் தவணை. ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழா ஞாயிறு கெடு. ஈடு, அவனுடைய டிரைசைக்கிள்.

அந்த வண்டியே என்னிடமிருந்து போனதுதான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சந்தையில் வெங்காய மூட்டை தூக்கித் தூக்கி, மோட்டார் சைக்கிளோடு பயணிகள் உட்காரும் கூண்டைப் பற்றவைத்து முதல் வண்டியைத் தெருவில் விட்டேன். இன்றைக்குப் பதினான்கு வண்டி, அத்தனையும் பச்சை. பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என் வாசலில் வந்து வண்டி கேட்டு நின்றிருக்கிறார்கள்! ஓட்டுகிறவன் மாலை ஆறு மணிக்குத் தினவாடகை தர வேண்டும். எங்கள் பேச்சில் அது பவுண்டரி. மழை கொட்டினாலும் பவுண்டரி, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும் பவுண்டரி.

மெசியோ எட்டு வருஷம் பவுண்டரிக்கு மேல் தினம் நாற்பது பெசோ சேர்த்துக் கட்டி, வண்டியைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். என்னிடம் ஓட்டியவர்களில் அப்படிச் செய்தவன் அவன் ஒருவனே. எழுதிய அன்றே பச்சையைச் சுரண்டிச் சிவப்பு அடித்தான். கூண்டின் உட்கூரையில் பிள்ளைகள் பெயர், புனிதர் பெயர், பயணிகளுக்குப் புத்திமதி என்று இடம் விடாமல் எழுதவைத்தான். எங்கள் ஊரில் வண்டி சொந்தமானால் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

தொற்றுநோய்க் காலத்தில் தெருவில் ஆளே இல்லை. அப்போதுதான் வந்தான். வயதில் மூத்தவனை 'மாங்' போட்டுக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"மாங் செல்மோ, அம்பதாயிரம் வேணும். மூணு மிருகம் வாங்கப் போறேன்."

"எருமையா, பன்னியா?"

"போனுக்குள்ள இருக்குற மிருகம்."

"அடப்பாவி, பட்டினி கிடந்து மூளை கலங்கிடுச்சாடா? அது படம்டா. என் பேத்திகூட வரைவா, அஞ்சு பெசோவுக்குத் தர்றேன்."

அவன் சிரிக்கவில்லை. "உங்க வண்டிய நான் போட்டோ எடுத்தா வண்டி எனக்குச் சொந்தமாயிடுமா? பதிவு யாரு பேர்ல இருக்கோ அவன்தானே முதலாளி? இதுக்கும் பதிவேடு இருக்கு. ஒரே ஆபீஸ்ல கிடையாது. உலகம் பூரா ஆயிரம் ஆயிரம் கம்ப்யூட்டர்ல அதே ஏட்டோட நகல் இருக்கு. ஒருத்தன் ஒண்ணுல திருட்டுத்தனமா திருத்தினா, மத்தது அத்தனையும் 'பொய்'னு சொல்லிடும்."

"குமாஸ்தா யாரு?"

"குமாஸ்தாவே கிடையாது."

"அப்ப கோழி, சாராயம் ஒண்ணும் கொண்டுபோக வேண்டாம்னு சொல்லு."

"வேண்டாம். இந்த மிருகம் சண்டை போடும். ஜெயிச்சா காசு விழும், விளையாட்டுக் காசு. அதை வித்தா நிஜ பெசோ. ரெண்டு மிருகத்தைச் சேர்த்தா குட்டியும் போடும். குட்டிக்கும் பதிவு உண்டு."

"நீயேதான் ஆடணுமா?"

"வேற ஆளை வச்சும் ஆடலாம். ஆடுறவனுக்குப் பாதி, எனக்குப் பாதி."

படித்தவர்கள் இன்றுவரை தலையைச் சொறிகிற விஷயம் எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மிருகம் என்பது வண்டி. ஆடுகிறவன் ஓட்டுநர். பாதிக் காசு பவுண்டரி. மெசியோவுக்கு வேண்டியது மிருகம் இல்லை, என் நாற்காலி.

"ஓட்டுறவனாவே சாகக் கூடாது, மாங் செல்மோ," என்றான்.

நல்ல ஆசைதான். எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

செப்டம்பரில் அவனிடம் பதினோரு மிருகம் இருந்தது. வண்டி வாசலில் தூசி தின்றது. கடை மூடிப்போன முடிதிருத்துக்காரி ஒருத்தியும் என்னிடம் ஓட்டிய இரண்டு பேரும் அவனுக்காக ஆடினார்கள். முடிதிருத்துக்காரிக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தபோது, அந்த இரண்டு நாள் காசையும் அவள் பங்கில் பிடித்துக்கொண்டான். கேள்விப்பட்டதும், பரவாயில்லை, பயல் தொழிலைக் கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன்.

புதுச் செருப்போடு வந்து போனைக் காட்டினான். "எல்லாம் சேர்த்து மூணு லட்சம், பாருங்க."

"வித்து என் கடனைக் கட்டு."

"விலை ஏறிட்டிருக்கு. ஏறும்போது வெங்காயத்தை விப்பீங்களா?"

"ஏறும்போதுதாண்டா விப்பேன். அழுகுனப்புறம் எவன் வாங்குவான்?"

"வெங்காயம் அழுகும். இது அழுகாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பரில் விளையாட்டுக் காசு சரிந்தது. ஆடி முடித்தால் ஒரு கைப்பிடி அரிசிக்குக் கூடத் தேறவில்லை. ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிருகங்களை விற்க அவனுக்கு மனசு வரவில்லை. திரும்ப ஏறும் என்றான். கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை வாங்கப் போனை அடகு வைத்தான். மீட்கவில்லை. கடைக்காரன் அதில் இருந்ததையெல்லாம் அழித்து வேறு ஆளுக்கு விற்றுவிட்டான்.

மெசியோ அசரவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதிவேட்டுக்குச் சாவி போன் இல்லை, பன்னிரண்டு ஆங்கிலச் சொல். எந்தப் போனிலும் அவற்றை வரிசை பிசகாமல் அடித்தால் மிருகங்கள் அத்தனையும் கையில் வந்துவிடும். தாளில் எழுதி வைக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்களாம். வருஷா வருஷம் இடுப்பளவு வெள்ளம் புகுகிற வீட்டில் தாள் எங்கே தங்கும்? வண்டியை மட்டும் எந்த வெள்ளத்திலும் மேட்டுக்கு ஏற்றிவிடுவான். அதனால் எழுத்துக்காரனைக் கூப்பிட்டு, கூண்டின் உட்கூரையில் புனிதர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அந்தப் பன்னிரண்டையும் பூ வேலையோடு எழுதவைத்துவிட்டான். ஏறுகிற சனம் ஏதோ பாட்டு என்று நினைத்தது.

கெடு ஞாயிறு வந்தது. ஆள் தலைமறைவு. திங்கள் காலை ஏழு மணிக்கு, வண்டியை ஓட்டிவர என் ஆள் பெர்டிங்கைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். மெசியோவின் மனைவி லிகாயா வாசலை மறித்து நின்றாள்.

"நேத்து பூசையில முன்வரிசையில நின்னீங்க. இன்னைக்கு இங்க நிக்கிறீங்க. சாமி உங்களுக்கு இதைத்தான் சொன்னாரா?"

"சாமிகிட்ட நான் கடன் வாங்கல, லிகாயா. சாவியைக் குடு."

"அவர் வரட்டும்."

"வர்றவன் நேத்தே வந்திருப்பான்."

சாவியைச் சேற்றில் விட்டெறிந்தாள். பெர்டிங் என்னைப் பார்த்தான். நானே குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டேன். பணத்துக்காகக் குனிய நான் கூச்சப்பட்டதில்லை. "ஒரு வாரத்துல அறுபதாயிரத்தோட வரச் சொல்லு, வண்டியத் தர்றேன். செல்மோ பேச்சு மாற மாட்டான்," என்றேன்.

என் கொட்டகையில் சிவப்பு வண்டி நின்றதில்லை. செவ்வாய் காலையே பெயிண்டர் டெங்கிடம் உள்ளும் புறமும் உப்புத்தாள் போடச் சொன்னேன்.

வியாழன் நண்பகல் மெசியோ வந்தான். முகத்தில் சிரிப்பு. தார்லாக் ஊரில் ஒருவன் பதினோரு மிருகத்தையும் எண்பதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறான். லிகாயாவின் போனைக் கையில் வைத்திருந்தான்.

"அறுபது உங்களுக்கு, வண்டி எனக்கு. ஒரு நிமிஷம், உள்ள ஒண்ணு பாத்துக்கிறேன். என் வண்டி எங்க?"

டெங் தூரிகையால் காட்டினான். இரண்டாம் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.

மெசியோ கூண்டுக்குள் நுழைந்து மல்லாந்து படுத்தான். மேலே வழவழவென்று பச்சை. நகத்தால் சுரண்டினான். பச்சைக்குக் கீழே வெறும் தகரம்.

"டெங், இங்க எழுத்து இருந்துச்சே!"

"இருந்துச்சு, என்னமோ இங்கிலீசுல. ரெண்டு உப்புத்தாள் தேஞ்சு போச்சு, அவ்ளோ கெட்டிப் பெயிண்ட்."

"என்ன எழுதியிருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு, நண்பா!"

"நான் அழிக்கிறவன். படிக்கிறவனா?"

விஷயம் வெளியே வந்தது அப்போதுதான். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஓட்டுநர்கள் கூண்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவன், "'டர்ட்டில்'னு ஒண்ணு இருந்துச்சு," என்றான். இன்னொருவன், "என் மாமியார் பேர் இருந்துச்சான்னு பாரு," என்றான். கொட்டகையே சிரித்தது. மெசியோ தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் ஏழு சொல் எழுதினான். அதற்கு மேல் வரவில்லை. வந்த ஏழும் எந்த வரிசை என்று தெரியவில்லை. இருட்டும் மட்டும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தான். தார்லாக்குக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, வேறு இடத்தில் வாங்கிக்கொண்டான்.

"முன்னாலயே ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க முதல்ல மிருகத்தை எடுத்திருப்பீங்க."

எடுத்திருப்பேன். இல்லை என்று சொல்ல நான் பொய்யன் இல்லை.

என் வண்டிப் பதிவுச் சீட்டு ஒருமுறை வெள்ளத்தில் போனது. ஒரு கோழி, இரண்டு குப்பி கொடுத்து மூன்று நாளில் நகல் வாங்கினேன். குமாஸ்தாவைத் திட்டாதவன் யார்? ஆனால் திட்டவாவது, காலில் விழவாவது அங்கே ஒருவன் இருந்தான். மெசியோ யார் காலில் விழுவான்? மிருகங்கள் செத்துப்போகவும் இல்லை. அவனுடைய கணக்கு எண்ணை அடித்தால் இன்றும் யார் போனிலும் தெரியும்: பதினொன்றும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், பெயர் அவனுடையது. லிகாயா அதைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். முதலில் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு விட்டுவிட்டான்.

வாரக் கெடு திங்களோடு முடிந்தது. செவ்வாய் காலை கொட்டகை வாசலில் வந்து நின்றான். அந்த வண்டியின் சாவியையே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் கியர் சிக்குவது அவனுக்குத்தான் பழக்கம்.

"பவுண்டரி நூத்தி எண்பது. முன்ன நூத்தி அம்பதா இருந்தது, இப்ப ஏத்திட்டேன்," என்றேன்.

"சரி, பாஸ்."

அதுவரை அவன் என்னை பாஸ் என்று கூப்பிட்டதில்லை.

மாலை ஆறு மணிக்கு வந்தான். மற்றவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் கையை நீட்டினேன். "எண்ணி வை," என்றேன். சட்டைப் பையிலிருந்து கசங்கிய நூறு ஒன்றை எடுத்து நீவி வைத்தான். அதன் மேல் ஐம்பது. அதன் மேல் இருபது. பிறகு காற்சட்டைப் பையைத் துழாவி, இரண்டு ஐந்து பெசோ நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக என் உள்ளங்கையில் வைத்தான்.