தொகுப்பை முதலில் தர மாட்டேன்

மீன் விற்கிறவரிடம் யாரும் மீனைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை. பாட்டு விற்கிறவனுக்கு மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லாரும் புத்தி சொல்வார்கள். ஒரு நாளாவது கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று கடையில் இருந்தவர்கள்: நான், கடை முதலாளியும் என் தங்கை கணவருமான மாப்பிள்ளை, போன் பழுது பார்க்கும் ருபீனா, உடைந்த போன் கண்ணாடியை மாற்றக் காத்திருந்த பெங்காலி எலக்ட்ரீஷியன் பிஸ்வாஸ் தாதா (அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்), சாத்தம் படகுத்துறையில் அக்கரைக்குப் போகும் பேம்பூஃப்ளாட் படகைத் தவறவிட்டு வந்து எங்கள் ஃபேனுக்கு அடியில் நின்ற ஒரு அம்மா. ஆக ஐந்து பேர். வாசலில் நின்ற ஆட்டைச் சேர்க்கவில்லை.

இத்தனை பேர் முன்னால்தான் மாப்பிள்ளை அறிவித்தார். இருபத்து நாலாம் தேதி, மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் கப்பலில் போன் கவர் வருகிறது. அதற்குள் என் சிடி அலமாரி காலியானால் அதில் நான் புதுச் சரக்கு வாங்கி வைக்கலாம். ஒன்று மிஞ்சினாலும் அலமாரி கவருக்கு.

மற்ற பாட்டெல்லாம் போனுக்குள் போய்விட்டதால் என் அலமாரியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழைய இங்கிலீஷ் ராக் குழு. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் போனில் தேடி நேராகப் பிரபலமான பாட்டுக்குப் போய்விடுவீர்கள். நான்கு பேர், ஒன்பது ஆல்பம். ஒரு மழைக்காலத்தில் கடைக்கு யாரும் வராதபோது ஒன்பதையும் வரிசையாகக் கேட்டேன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால் வார்த்தையைக் காட்டி யாரும் என்னை மயக்கவும் முடியவில்லை.

அலமாரியில் இருந்தவை: முதல் ஆல்பமான மஞ்சள் அட்டை ஐந்து, இரண்டாவதான படகு அட்டை ஒன்பது, ஊரே புகழும் கறுப்பு அட்டை எட்டு, பிரபலமான பாட்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த தங்க எழுத்துத் தொகுப்பு பன்னிரண்டு. மொத்தம் முப்பத்து நாலு. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு முதலில் படகைத்தான் தருவேன். அதற்கும் முன்னால் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனில் முதல் மூன்று பாட்டையும் தாண்டாமல் கேட்க வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் நோட்டில் இருக்கிறது. படகில் தொடங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அடுத்த ஆல்பம் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் முப்பது. தொகுப்பில் தொடங்கியவர்கள் இருபத்தாறு பேர்; திரும்பி வந்தவர் ஒருவர். அவரும் குடையை மறந்து விட்டுப் போனதால் வந்தார்.

மீன் தலை

முதலில் பிடித்துக்கொண்டவர் பிஸ்வாஸ் தாதா. கண்ணாடி மாட்டி முடிவதற்குள் அலமாரியைப் பார்த்துவிட்டார். இந்தக் குழுவைப் பற்றி மருமகன் ஓயாமல் பேசுகிறானாம், தனக்கும் ஒன்று வேண்டுமாம். இரண்டு அட்டையையும் திருப்பி எண்ணினார். படகில் எட்டுப் பாட்டு, தொகுப்பில் பதினெட்டு. எண்ணுகிறவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் எண்ண வேண்டியது அது இல்லை.

எனக்கு ஆட்களிடம் முகம் பார்த்துப் பேச வராது. கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே என் இந்தியில் விளக்கினேன்: தொகுப்பு என்பது பதினெட்டு மீனின் தலையை மட்டும் வெட்டிப் பையில் போட்டுக் கொடுப்பது மாதிரி, உடம்பு இருக்காது, வாலும் இருக்காது. யாரிடம் எந்த உதாரணம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? மீன் தலையை விருந்தாகச் சாப்பிடுகிற ஒரு பெங்காலியிடம் போய் அதைக் குறைத்துப் பேசிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பாட்டையும் பொறுமையாகக் கேட்டார், படகை வாங்கிக்கொண்டார். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பாட்டு உங்க இஷ்டம் தாதா. ஆனா மீன் விஷயத்துல இனிமே வாயைத் திறக்காதீங்க."

இரண்டு கட்சி

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரர்கள் இரண்டு பேர், கூட வேலை செய்யும் ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இந்தக் குழுவை அறிமுகம் செய்து வைக்கப் போகிறார்களாம். ஒருவர் மஞ்சள் கட்சி. தொடங்கினால் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். இன்னொருவர் கறுப்புக் கட்சி. உச்சியைக் காட்டாமல் அடிவாரத்தில் நிறுத்துவது பாவம் என்றார். மதிய இடைவேளை முழுதும் இதிலேயே போயிற்று. நடுவில் மாப்பிள்ளை, மூன்று பேரும் ஆளுக்கொரு தொகுப்பு எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து அவரை முறைத்தன.

அந்த அம்மா அதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் அட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் போல என்று நினைத்தேன். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஐயா, இவங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சது எனக்கு வேண்டாம். இவங்க வாயே திறக்காத ஒண்ணு இருந்தா அதைப் போடுங்க."

அலை

இது நான் தோற்றது. எழுதாமல் விடலாம், கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் ஆட்டோ ஓட்டும் முருகேசன், கப்பலுக்கு நேரமாகிவிட்டது, நாற்காலியெல்லாம் முடியாது, மகள் கேட்கிற குழுவைத் தானும் கேட்க வேண்டும், எது முதலில் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நாள் ஓடுகிறதே என்று நானும் சட்டத்தைத் தளர்த்திப் படகைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த ஆல்பம் அலைச் சத்தத்தில் தொடங்கும். அரை நிமிடம் வெறும் அலை. தூரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வந்து, அதற்குள்ளிருந்து டிரம் எழும். அதைவிட நல்ல தொடக்கம் ஒன்பதிலும் கிடையாது என்று நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன்.

அடுத்த கப்பலில் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. சிடியைக் கல்லாமேல் வைத்தார். பாட்டைப் போட்டதும் அவர் மனைவி வீட்டைவிட்டு வெளியே ஓடிப்போய், நிறுத்துகிறவரை ரோட்டிலேயே நின்றாராம். மஞ்சளை எடுத்து, இந்த முறை ஹெட்போனில் முதல் நிமிடத்தை நானே கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்தேன். நோட்டில் படகு என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'அலை உண்டு, கேட்டுவிட்டுக் கொடு' என்று எழுதினேன். அவர் சொன்னதையும் கீழே எழுதியிருக்கிறேன்: "எங்க வீட்டுக்குள்ள அலை ஒரு தடவை வந்தது போதும்ணே. சத்தமாக்கூட வேண்டாம்."

கேம்பல் பே நர்ஸ்

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸ் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுத் தென்கோடித் தீவில், கேம்பல் பேயில் குடியேறிய பஞ்சாபிக்காரரின் மகள். மூன்று நாள் கப்பல், நெட்வொர்க் கிடையாது, அதனால் நிறையப் பாட்டு உள்ள தொகுப்புதான் வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். அப்படியானால் படகும் கறுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். முதலில் ஒன்றுதான் என்றேன். பின்னாலிருந்து மாப்பிள்ளை இருமினார். அவர் இருமினால் என்ன அர்த்தம் என்று என் தங்கைக்கும் எனக்கும் தெரியும்.

நர்ஸ் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஹெட்போனைக் கொடுக்கவில்லை. முருகேசன் முகம் ஞாபகத்தில் இருந்தது. இதில் தொடக்கத்தில் அலை வரும், பரவாயில்லையா என்று கல்லாப் பெட்டியிடம் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. கையை நீட்டி ஹெட்போனை அவரே எடுத்துக்கொண்டார். "அங்கிள், அலை எங்க வீட்டைத் தாண்டிப் போச்சு. நாங்க திரும்பி வந்து அதே இடத்துலதான் வீடு கட்டினோம். போடுங்க."

பன்னிரண்டு குடில்

இருபத்து மூன்றாம் தேதி அலமாரியில் பதின்மூன்று: படகு ஒன்று, தொகுப்பு பன்னிரண்டு. படகில் தொடங்கியவர்கள் திரும்பி வந்து மஞ்சளையும் கறுப்பையும் தீர்த்துவிட்டார்கள். அன்று காலை ஹேவ்லாக் தீவுப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் வந்தார். கடற்கரையில் பன்னிரண்டு குடில். குடிலுக்கு ஒரு தொகுப்பு வேண்டும். எண்ணிக்கை அப்படியே பொருந்தியதைப் பார்த்து அலமாரியை இன்னொரு தடவை எண்ணினேன். மாப்பிள்ளை அதற்குள் பழைய பேப்பரை விரித்துவிட்டார். மிஞ்சும் ஒரு படகைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், அலமாரி எனக்கே என்றும் காதோரம் சொன்னார்.

விருந்தாளிகள் இந்தக் குழுவை முன்பே கேட்டவர்களா என்று கேட்டேன். இல்லை, அவர்களுக்கும் இதுதான் முதல் என்றார். பன்னிரண்டின் மேலும் கையை வைத்துக்கொண்டேன். ஒன்பதையும் கேட்டவருக்கு மட்டும் இது, புதியவருக்குக் கிடையாது என்றேன். இந்த ஒரு தடவை கல்லாவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பெரியவரே, சாப்பாட்டை வெச்சுக்கிட்டே உனக்குப் போட மாட்டேன்னு சொன்ன ஓட்டலை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

உறை பிரித்தது

அவர் போனதும் மாப்பிள்ளை ஒரு தொகுப்பை எடுத்து உறையைக் கிழித்தார். இதில் அப்படி என்ன விஷம் இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றார். பதினெட்டு ஆண்டாக இந்தக் கடையின் முதலாளி. ஒரு பாட்டுக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ருபீனா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

முதல் பாட்டுக்குத் தலையாட்டினார், இரண்டாவதற்கு எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக 'ம்' கொட்டியே தலையாட்டினார். மூன்றாவது முடிகிற இடத்தில் முகம் சுருங்கியது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே இடத்தில் சுருங்கியது. டிரம் ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று யாரோ கதவைச் சாத்துவது போலச் சத்தம் தேய்ந்து போகிறதே, என்ன ஆயிற்று என்றார். படகில் அந்தப் பாட்டு அங்கே நிற்காது, டிரம் அப்படியே அடுத்த பாட்டுக்குள் போகும், தொகுப்புக்காக வெட்டிவிட்டார்கள் என்றேன். எழுந்து வந்து கடைசிப் படகை எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் வரை நாற்காலியை விடவில்லை.

மறுநாள் கப்பல் வந்தது. பந்தயம் பந்தயம்தான் என்று அவரே கவர்களை மாட்டினார். நான் தடுக்கவில்லை, மேலிருந்து மூன்று தட்டுகளையும் துடைத்துக் கொடுத்தேன். நாலாவது தட்டுக்கு வந்ததும் கவர் தீரவில்லை, அவர் கைதான் நின்றது. "கீழ்த்தட்டு உங்களுக்கே இருக்கட்டும் மச்சான். ஒன்பதையும் வரிசையா வரவழைங்க. இந்தத் தொகுப்புச் சனியன் மட்டும் வேண்டாம்."

அலமாரியில் முக்கால் பங்கைத் தோற்று ஒரு முதலாளியை வாடிக்கையாளராகப் பிடித்திருக்கிறேன். மீதி பன்னிரண்டு, அதில் ஒன்று உறை பிரித்தது.