கோட்டையிலிருந்து நான்கு மைல்

என் மகனின் மாமனார் மறுநாள் அயர்லாந்துக்குப் புறப்படவிருந்தார். காலஞ்சென்ற தம் மனைவியின் சாம்பலை அவ்வம்மையாரின் முன்னோர் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வதே பயணத்தின் நோக்கம். அவ்விடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓய்வுபெற்ற பின் பழைய வரைபடங்களை வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவன்.

அம்மையார் உயிரோடிருந்தபோது தம் பூட்டனாரின் கடிதமொன்றை என்னிடம் ஒப்படைத்தார். அதில் ஊர்ப்பெயர் இல்லை. கோட்டையின் பெயரும், 'அங்கிருந்து ஆற்றோரமாக நான்கு மைலில் எங்கள் தேவாலயம்' என்ற வரியுமே இருந்தன. அப்பகுதியின் பழைய வரைபடத்தில் அளந்தேன். நான்காம் மைலில் ஒரு தேவாலயம் இருக்கவே, அதை வட்டமிட்டு, இடத்தைச் சொன்னேன்.

அன்று காலை ரொக்ஸ்பரோவில், என் வீட்டு மேசையில் அப்படத்தை மடிக்கையில்தான் மூலையில் இரண்டு அளவுகோல்கள் இருப்பதைக் கவனித்தேன். ஒன்று ஆங்கில மைல்; மற்றது அதனினும் நீண்ட ஐரிஷ் மைல். நான் ஆங்கில மைலால் அளந்திருந்தேன். மீண்டும் அளந்தபோது, ஒரு மைலுக்கு அப்பால், ஆற்று வளைவில் வேறொரு தேவாலயம் நின்றது. பரப்பு என்ற ஒரே நில அளவிலும் நெற்பரப்பு வேறு, வரகுப்பரப்பு வேறு என்று யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் படித்தறிந்த எனக்கு இது தோன்றாமற் போயிற்று.

"பேசாமல் இருங்கோவன். அந்தாளுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள் என் மனைவி.

"செத்த மனுசிக்குச் செய்யிற துரோகமெல்லே?"

"ஓம், சாம்பல் எழும்பி வந்து கதைக்கும்!" என்றவள், தானே என் குளிரங்கியை எடுத்து நீட்டினாள்.

சம்பந்தி வசிக்கும் இல்-பிசார் தீவுக்குச் செல்லும் பேருந்து நெடுநேரம் வரவில்லை.

"வாரும் சம்பந்தி," என்று அவர் கதவைத் திறந்தார். அவர் அறிந்த ஒரே தமிழ்ச்சொல் 'சம்பந்தி', மற்றதெல்லாம் ஆங்கிலம். திறந்திருந்த பெட்டியில், சட்டைகளுக்கிடையே, கம்பளிச் சால்வையில் சுற்றிய சாம்பற்கலசம்.

நின்றபடியே படத்தை விரித்து என் பிழையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அங்கே இன்றைக்குக் குழி வெட்டுகிறார்கள். தெரியுமா உமக்கு?"

"தெரியாது."

"அவள் உம்மைத்தான் நம்பினாள். என்னையல்ல." படத்தைத் தம் பக்கம் திருப்பி, "இந்த முறை நிச்சயமா?" என்றார்.

ஆம் என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "கோட்டை நிச்சயம். ஆறு நிச்சயம். மைல், உங்கள் மனைவியின் பூட்டனார் நடந்து எண்ணியது. அங்கே கல்லறைகளில் குடும்பப் பெயரைத் தேடிப் பார்த்த பின்பே கலசத்தை இறக்குங்கள்."

அவர் இரண்டு தேவாலயங்களையும் விரலால் மாறி மாறித் தொட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து, குழி வெட்ட வேண்டாம் என்றார்.