ஓடைக்கரை நிரை

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக சேரம்பாடிப் பக்கம் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பீல்டு ஆபீசராக இருந்தேன். நட வேண்டிய ஏக்கர் கணக்கை எட்டுவதற்காக, ஓடைக்கரை நாணலை அழித்துத் தண்ணீர் ஓரம்வரை தேயிலை நட்டிருந்தார்கள். செடிகள் மஞ்சளித்தன. மஞ்சளித்த இடத்துக்குக் கூடுதல் யூரியா என்பது விதி. போட்டோம். இன்னும் மஞ்சளித்தன. விதியும் சளைக்கவில்லை.

நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மூச்சுக்காக உரத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனைக் காற்றில் விட்டுவிடும். மிச்சம் ஓடையில் கலக்கும். கீழே லயத்துக்காரர்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், குடிப்பது அந்தத் தண்ணீர். முன்பு அந்த மிச்சத்தை நாணல் தன் வேரிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

ஓடையோரச் செடி வரிசையில், அந்த நிரையில், கொழுந்தெடுத்தவள் புதிதாக வந்த ஒரு விதவை. பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருந்தாள். கொழுந்து எடை குறைந்தால் அரை நாள் சம்பளம். அரைப் பேர் என்பார்கள். முழுப் பேர் தொடர்ந்து விழுந்தால்தான் வேலை நிரந்தரம், லயத்தில் அறை.

"கண்டியில செங்குத்து மலையில ஏறி முழுப் பேர் எடுத்தவ ஐயா நான். இங்க சமதரையில நின்னு அரைப் பேர் வாங்குறேன். சனம் சிரிக்குது" என்றாள்.

அந்த இடத்துக்கு உரத்தை நிறுத்தலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கோவைக்காரர். "ஏனுங்க, செடி மஞ்சளாக் கெடக்குது, நீங்க உரத்தை நிறுத்தச் சொல்றீங்களே?"

மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினேன். நீலச் சாம்பல் நிற மண், அழுகிய முட்டை வாடை. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, அந்த நிலத்துண்டை ஏக்கர் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்றார். கழித்தால் ஆளும் கழியும். ஏக்கருக்கு இத்தனை ஆள் என்பதுதான் எங்கள் ஒதுக்கீடு. அவரே அதையும் சொன்னார், சற்று நிம்மதியோடு.

ஆனால் எடை பார்க்காத வேலைகளும் உண்டு. வடிகால் வெட்டுவது, செடியடியில் புல் பரப்பி மூடாக்குப் போடுவது போன்றவற்றுக்கு முழுப் பேர். தேயிலையைப் பிடுங்கிவிட்டு நாணலை வளரவிடலாம், அதை வெட்டி மேல்மலைச் செடிகளுக்கு மூடாக்குப் போட நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்றேன். நாணலுக்கு ஆளா என்று சிரித்தவர், மூடாக்குப் புல்லை வெளியிலிருந்து வாங்கும் செலவை நினைத்துச் சம்மதித்தார். எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் கேட்டார். 'இதர பணிகள்' என்றேன். அரசாங்கத்தில் உருப்படியான காரியங்கள் பலவும் அந்தத் தலைப்பில்தான் நடந்திருக்கின்றன.

அவளுக்குத்தான் மனமில்லை. "கொழுந்துக் கூடைய இறக்கிட்டு புல்லுக்கட்டு தூக்கச் சொல்றீங்களே ஐயா."

"அறை வேணுமாம்மா, கூடை வேணுமா?"

மறுநாள் அரிவாளோடு வந்தாள். நாணல் ஒரே மழைக்காலத்தில் மீண்டது. மேலிருந்து வழிந்து வந்த உரம் புல்லாகி, அவள் தலைமீதேறி மறுபடி மலைக்குப் போனது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் அறைச் சாவியை வாங்க வந்தாள். ஈர நாணல் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே கையை நீட்டினாள்.