அறிவித்தல் பலகையின் நீலச் சீத்தை

மாத்தளைக் கடைத்தெருவில் துணிக்கடை ஒன்றில் நான் வேலை பார்த்த காலம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அதோடு கூச்சக்காரன். கேட்ட துணியை எடுத்துப் போடுவேன், "எத்தனை யார்?" என்று கெஜக் கணக்குக் கேட்பேன், கிழித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் பேச்சு.

எதிர்ப்பக்க மாடியில் வாசிகசாலை இருந்தது. பேப்பரில் வரும் வேலை அறிவித்தல்களை வெட்டி அங்கே ஒரு பலகையில் குத்தி வைப்பார்கள். பழைய கோந்தும் ஆணி ஓட்டையுமாக அதைப் பார்க்கச் சகிக்காது. "துணிக்கடைக்காரன் நீதானே, இதுக்கு ஒரு உடுப்புப் போட்டு விடேன்" என்றார் வாசிகசாலைச் செயலாளர்.

முதலாளியிடம் கேட்டு, நீலத்தில் சின்ன வெள்ளைப் பூ அச்சடித்த சீத்தைத் துணியில் இரண்டு யார் வாங்கினேன். ஞாயிறு காலை முழுவதும் உட்கார்ந்து, இழுத்து இழுத்துப் பின்பக்கம் மடித்து ஆணி அடித்தேன். ஒரு பூ வரிசைகூடக் கோணவில்லை. நாலு தரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். முந்தின வாரம்தான் அதே சீத்தையில் ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் துணி கிழித்துக் கொடுத்திருந்தேன். வாசிகசாலைக்கு வரும் ஒரே பெண் அவர். எஸ்.எஸ்.சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து பலகையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

திங்கட்கிழமை அந்த ஜாக்கெட்டோடு வந்து பலகை முன்னால் நின்றார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கத்தினான்.

"டேய், பலகைக்கும் ஜாக்கெட் தைச்சிட்டாங்கடா!"

"இல்லடா, பலகைக்குப் போக மிஞ்சின துண்டுதான் அங்க நிக்குது."

அவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். பிறகு வரவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல் பலகையில் ஏறியது. கோவில் தேர் முடிந்து நாலாம் நாள் கடைசித் திகதி. அவர் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஆனால் பலகைக்குத் துணி போட்டவனே வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்? துணியை உரித்தால், பலகையின் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று அதற்கும் சிரிப்பார்கள்.

தேருக்குத் துணி எடுக்கும் கூட்டம் தொடங்கியிருந்தது. அந்தச் சீத்தையில் நாலு கட்டு மிச்சம் கிடந்தது. முதலில் வந்த அம்மாவிடம், "இதைப் பாருங்கம்மா, சாயம் போகாது" என்று ஆரம்பித்தேன். ஒரு முனையை விரித்துக் காட்டினேன். அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பிள்ளைகளின் கவுனுக்கு, பலாபத்வலையிலிருந்து வந்த முஸ்லிம் உம்மா ஒருவருக்குத் தலையணை உறைக்கு. சிங்களத்திலும் பேசி விற்றேன்.

"என்னப்பா, ஒனக்குள்ள யாரு பூந்துட்டா?" என்றார் முதலாளி.

வாசிகசாலையில் முதலில் கத்தினவனுடைய தாயும் வந்தார். "மகனுக்கும் ஒரு சட்டை தைச்சுக் குடுங்கம்மா, எடுப்பா இருக்கும்" என்றேன்.

தேரன்று வடம் பிடித்த கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் நீலத்தில் வெள்ளைப் பூ. அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே சட்டையில் நின்றான்.

மறுநாள் சாயங்காலம் அவர் வாசிகசாலைக்கு வந்தார். அதே ஜாக்கெட். கேரம் பக்கமிருந்து சத்தம் வந்தது: "டேய் பலகை, காய அடிடா!" கூப்பிட்டது அவரையல்ல, அந்தச் சட்டைக்காரனை. அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நின்றபடியே அறிவித்தலில் இருந்த விலாசத்தை எழுதி எடுத்தார். போகும்போது, வாசலோரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நின்றார்.

"அம்மாவுக்கும் இதில ஒரு ஜாக்கெட் துணி வேணும். இருக்குங்களா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"முடியாம என்ன செய்யும்? நீங்க அவ்வளவு பேசி வித்தீங்களாமே."

நான் குனிந்து பேப்பரை மடித்தேன். தலை நிமிர்ந்தபோது அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு கண்டிக்கு ரயிலேறினார். தாதிப் பயிற்சிக்குத்தான். அந்த வாரம் முதலாளி பச்சைச் சீத்தை ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "அன்னைக்கு வித்த மாதிரி இதையும் வித்துக் குடு, பார்ப்போம்."

நானும் முயன்று பார்த்தேன். "எத்தனை யார்?" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.