செண்பகத்தின் மார்பளவு

இல்லை, வாலாம்பாள் புருஷனை விட்டு ஓடிப்போகவில்லை. பம்பாய் மாட்டுங்காவில் யார் சொன்னாலும் அது பொய். ஓடுகிறவள் அவருக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டா போவாள்?

எல்லாம் ஒரு தபால் கார்டு செய்த வேலை. அவள் அகத்துக்காரர் அனந்தநாராயணன் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா; மரம் அளப்பது சம்பளமில்லாத சொந்த ஆசை. செம்பூருக்கு அப்பால் குன்றுச் சரிவில் காட்டிலாகா வேலி போட்ட பன்னிரண்டு செண்பக மரங்கள். வருஷா வருஷம் தை முதல் ஞாயிறன்று போய், நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளந்து, வேரடி மண்ணையும் எடுத்து, புனாவிலிருக்கும் காட்டிலாகா அதிகாரிக்கு எழுதுவார். எந்த மண்ணில் மரம் எவ்வளவு பருக்கிறது என்று பத்து வருஷம் விடாமல் பார்க்க வேண்டுமாம். வாலாம்பாளின் வடாம் காயும் பாயிலேயே அந்த மண்ணும் காயும். அதையும் பொறுத்தாள்.

நாலாம் வருஷம் அதிகாரியின் பதில் வந்தது. கீழ்வீட்டு ராஜலக்ஷ்மிக்கு மாடிவீட்டுக் கார்டைப் படிக்காமல் கொடுத்து வழக்கமில்லை.

'செண்பகம் மார்பளவு முப்பத்தெட்டு என்பது நிஜமா? போன வருஷம் முப்பத்தேழுதானே? நேரில் போய் மறுபடி அளக்கவும்.'

"செம்பூர்ல ஒருத்தியை வெச்சிண்டிருக்கார்டி! அளவு வரைக்கும் லெட்டர் போறது!"

"அது மரம், மாமி" என்றாள் வாலாம்பாள். யார் நம்பினார்கள்?

ஐந்தாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், அந்த ஞாயிறு பார்த்து அவருக்கு மலேரியா. குளிரில் பல் கிடுகிடுத்தது.

"இன்னிக்கு விட்டா நாலு வருஷமும் வீண், வாலாம்பா." கண்ணில் ஜலம்.

"நான் போறேன்."

"நோக்கு இஞ்ச் படிக்கத் தெரியாதே!"

"பூத்தொடுக்கிற நூல் இருக்கோல்லியோ? ஒவ்வொரு மரத்தையும் சுத்தி அறுத்துண்டு வரேன். முதல் மரத்துக்கு ஒரு முடிச்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு. நீங்க படுத்துண்டே அளங்கோ."

"நூல் இழுபடுமே!"

"பன்னண்டும் ஒரே மாதிரி இழுபடட்டும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெள்ளைக் கோடு போட்டிருக்கேன். அதுமேலயே சுத்து. வேரடி மண்ணும் ஒவ்வொரு பிடி எடுத்துண்டு வா."

கஞ்சியை வைத்து மூடிவிட்டு இறங்கியவளைக் கீழே ராஜலக்ஷ்மி வழிமறித்தாள். "நூலும் கையுமா எங்கேடி?"

"செம்பூருக்கு. செண்பகத்தைப் பார்க்க."

"ஐயோ! கட்டிப்போடப் போறயா?"

"இறுக்கிக் கட்டமாட்டேன் மாமி. அளவு தப்பிடும்."

அதுவரை தனியாக ரயிலேறாதவள், வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டி, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.